முளைக்காத நெல் செத்த நெல்லா?

2024 மார்ச் 16

கிளிநொச்சி வாசகர் ஒருவர் அனுப்பியது, அப்படியே தருகிறேன்:

"பெப்ரவரி கடைசியில் தென்மராட்சியில் ஒரு கமக்காரரிடம் சிவப்பு விதைநெல் வாங்கினேன். சிறுபோகத்துக்கு ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் பத்துக்கு இரண்டுகூட முளைக்கவில்லை. வீட்டில் கிடந்த போன வருட வெள்ளை நெல் அதே திண்ணையில், அதே தண்ணீரில் முழுதாக முளைத்துவிட்டது. பழைய இனங்களின் வீரியம் போய்விட்டது என்பதுதான் உண்மை. மரபு நெல் என்ற பேச்செல்லாம் மேடைக்கு நல்லது, வயலுக்கு உதவாது. மறுக்க முடியுமா?"

2024 மார்ச் 16, இரவு

மறுக்கலாம். முதலில் அந்தச் சாக்கை மாட்டுக்குக் கொட்டிவிடாதீர்.

தம்பி, நீர் ஒப்பிட்டது சிவப்பையும் வெள்ளையையும் அல்ல. அருவி வெட்டிய, அதாவது அறுவடை செய்த, சூடு ஆறாத நெல்லையும், ஒரு வருடம் கிடந்து காய்ந்த நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, பழியை நிறத்தின்மேல் போடுகிறீர். புது நெல் உறங்கும். சில இனங்கள் சில நாட்கள், சில இனங்கள் மாதக் கணக்கில். அதற்கும் வீரியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

செத்ததா, உறங்குகிறதா என்று பார்ப்பது எளிது. முளைக்காத மணிகளில் ஒரு கை எடுத்து நகத்தால் அழுத்தும். செத்த மணி பிதுங்கும், பால்போல ஏதோ வெளியே வரும், மணமும் காட்டிக்கொடுக்கும். உறங்கும் மணி ஊறியிருந்தாலும் இறுக்கமாகவே இருக்கும். இறுக்கமானவற்றை எடுத்து உமியை மெதுவாக உரியும். காம்புப் பக்கத்தில் ஓர் ஓரமாக முளையம் ஒட்டியிருக்கும், அதில் நகம் படக்கூடாது. உரித்ததை ஈரத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடும். உமி இருக்கும்வரை அசையாத நெல், உமி போனதும் எழும்பினால் பிறகு என்னிடம் வாரும், கதைப்போம்.

கண்ணாடி போட்டுக்கொண்டு உரியும். இது நாற்பது தாண்டியவர்களுக்கு.

2024 மார்ச் 18

உரிக்கச் சொன்னதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள் இரண்டு மூன்று பேர்.

நெல்மணியில் உயிர் உள்ள முளையம் மிகச் சிறியது, மீதி கிட்டத்தட்ட எல்லாம் அதற்கான சாப்பாடு. தண்ணீர் ஏறியதும் முளையம் ஜிபரலின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. தவிட்டுக்கு உட்புறத்தில் அலுரோன் என்று ஒரு மெல்லிய படை உண்டு. ஜிபரலின் அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தக் கலங்கள் அமைலேசு நொதியத்தைச் செய்து மாப்பகுதிக்குள் விடுகின்றன. மா கரைந்து சீனியாகிறது, முளையம் அதைக் குடித்து வளர்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் முளைகட்டிய நெல் ஒன்றை உமி நீக்கிக் கடித்துப் பாருங்கள், இனிக்கும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது அப்சிசிக் அமிலம். மணி முற்றும்போது தாய்ச்செடியில் இருக்கும்போதே இது சேர்கிறது. "இப்போது வேண்டாம்" என்பதுதான் அதன் வேலை. எது முளைப்பது, எது படுத்திருப்பது என்பதை இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலை தீர்மானிக்கிறது. உறக்கத்தோடு தொடர்புள்ள மரபணுக்களில் பெரும்பாலானவை கடைசியில் இந்தச் சமநிலையைத்தான் ஏதாவது ஒரு பக்கம் சாய்க்கின்றன.

உமிக்குத் தனிக் கணக்கு. அது ஒட்சிசன் உள்ளே போவதைக் குறைக்கிறது, முளையம் தள்ளுவதற்குத் தடையாகவும் இருக்கிறது. அரை உறக்கத்தில் இருக்கும் மணி, உமி போனதும் எழும்பிவிடும். ஆழ்ந்து உறங்கும் மணி உரித்தாலும் எழும்பாது.

இன்னொரு விடயம். ஜிபரலின் நேரடியாக எதையும் தள்ளிவிடுவதில்லை. வளர்ச்சியை மறித்துக்கொண்டு ஒரு புரதம் நிற்கிறது, எஸ்.எல்.ஆர்.1 என்று பெயர். ஜிபரலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது. ஜிபரலின் அதில் ஒட்டியதும் அந்த மறிப்புப் புரதத்தை அழிக்கும் வேலை தொடங்குகிறது. அந்த ஏற்பியை 2005 இல் யப்பானியர்கள் முதன்முதலில் கண்டுபிடித்தது நெல்லில்தான். இவ்வளவு காலமும் நெல்லைச் சோறாகவே பார்த்த நமக்கு இது கொஞ்சம் பெருமையாக இருக்கட்டும்.

2024 மார்ச் 25

கிளிநொச்சித் தம்பி உரித்த மணிகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். துணி மடிப்புக்குள் வரிசையாக வெள்ளை முனைகள். ஆனால் ஆள் விடுவதாக இல்லை: "சரி, உயிர் இருக்கிறது. இருந்தாலும் சிவப்பு நெல்தான் கூடத் தூங்குகிறது என்று எங்கள் பக்கத்துக் கமக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களும் பிழையா?"

இல்லை. அவர்கள் சொல்வதில் விடயம் இருக்கிறது.

அரிசியின் சிவப்பு, தவிட்டுத் தோலில் இருக்கும் நிறம். அந்த நிறத்தை ஏழாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) உள்ள ஆர்.சி. என்ற மரபணு ஆளுகிறது. 2006 இல் அதை அடையாளம் கண்டார்கள். வெள்ளை அரிசி இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்த மரபணுவுக்குள் ஒரே இடத்தில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அந்த விடுபடல் மரபணுவை முடமாக்கிவிட்டது, தோல் வெளுத்துவிட்டது. உலகம் முழுக்க வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் அந்த ஒரே ஒரு பழைய விபத்தைத்தான் சாப்பிடுகிறார்கள்.

2011 இல் வந்த ஆய்வுதான் நமது கேள்விக்கு நேரடிப் பதில். உறங்குநிலைக்குக் காரணமான மரபணுவைத் தேடிப்போனவர்கள் ஏழாம் நிறமூர்த்தத்தில் வந்து நின்ற இடம் அதே ஆர்.சி. தோலைச் சிவப்பாக்கும் மரபணுவே, மணி முற்றும் காலத்தில் அப்சிசிக் அமிலம் கூடுதலாக உண்டாகவும் வழி செய்கிறது. நிறமும் உறக்கமும் அருகருகே இருக்கும் இரண்டு மரபணுக்கள் அல்ல, ஒரே மரபணுவின் இரண்டு வேலைகள். எனவே கலப்பினத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை இலகுவில் கழற்றிவிட முடியாது.

பெரியப்பா கொம்பறையில் இருந்து விதைநெல் எடுக்கும்போது "சிவப்பு பொறுமைசாலி" என்பார். அவருக்கு நிறமூர்த்தம் தெரியாது, ஆனால் எந்த நெல்லை எப்போது தொடக்கூடாது என்பது தெரிந்திருந்தது.

2024 ஏப்ரல் 3

கடையில் வாங்கிய புழுங்கல் நெல்லை ஊறவைத்துவிட்டு "முளைக்கவில்லை, இதுவும் உறக்கமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது அவித்த நெல் ஐயா. அதற்கு இனி விழிப்பு இல்லை, சோறுதான்.

2024 ஏப்ரல் 15

வருடப் பிறப்புக்கு வந்த மருமகன் மார்ச் குறிப்புகளை வாசித்துவிட்டு, "அப்படியானால் பழைய சிவப்பு உறங்கும், புதிய வெள்ளை உறங்காது, கணக்கு முடிந்தது" என்றான். இப்படி ஒரு கணக்கை எவரும் எடுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதலாவது, சிவப்பு என்றால் பழையது என்று பொருள் இல்லை. ஏ.ரி. 362 சிவப்பு, ஆனால் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனம். 1958 இல் வந்து நாட்டின் விளைச்சலையே மாற்றிய எச் 4 சிவப்புத்தான். அதன் பெற்றோரில் ஒன்று முருங்கைக்காயன், மற்றது மாஸ். பெயரைப் பார்த்தாலே முதலாவது யாருடைய வயலில் நின்றது என்று தெரியும்.

இரண்டாவது, இது எனக்கே சுவையாக இருந்தது. குட்டை நெல்லின் குட்டைத்தனத்துக்குக் காரணம் முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள எஸ்.டி.1. 1966 இல் வந்த பசுமைப் புரட்சி நெல்லான ஐ.ஆர். 8 அதைத்தான் சுமந்துகொண்டு வந்தது. அந்த மரபணு செய்வது ஜிபரலின் தயாரிப்பில் ஒரு படி. குட்டை இனங்களில் அந்தப் படி பழுது, ஜிபரலின் குறைவு, தண்டு நீளாது, உரம் போட்டாலும் சாயாது. இப்போது மார்ச் 18 குறிப்பைத் திரும்பப் பாருங்கள். ஜிபரலின் குறைந்தால் முளைப்பு என்ன ஆகும்? 2015 இல் விடை வந்தது: அதே பழுது மணியின் உறக்கத்தைக் கூட்டுகிறது. உருவாகும் மணியில் ஜிபரலின் குறைவதால் முற்றுவதும் காய்வதும் முளைக்கத் தகுதி பெறுவதும் எல்லாமே பின்தள்ளப்படுகின்றன.

ஆக, பசுமைப் புரட்சி ஒரு கையால் உறக்கத்தைச் சேர்த்தது, வெள்ளைத் தோலைத் தேர்ந்தவர்கள் மறு கையால் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக் குட்டை இனத்தில் இரண்டும் நடந்திருக்கும். மொத்தத்தில் எது மிஞ்சும் என்பதை அந்த இனத்தை முளைக்க வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நிறத்தைப் பார்த்து அல்ல.

மருமகன் இதைக் கேட்டுவிட்டுக் கொழுக்கட்டை எடுக்கப் போய்விட்டான்.

2024 மே 12

உறக்கத்தைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று ஒரு குற்றச்சாட்டு. புகழவில்லை. உறக்கத்தின் மறுமுகம் பார்க்க வேண்டுமென்றால் பன்றி நெல் வந்த வயலைப் போய்ப் பாருங்கள்.

பன்றி நெல் நமது நெல்லின் இனம்தான், காட்டுக்குணம் திரும்பிய களை. கதிர் முற்ற முற்ற மணியை உதிர்த்துவிடும். நாம் வெட்டப் போகும்போது அதன் பாதி மண்ணில் கிடக்கும். கிடந்தது அடுத்த மழைக்கு எல்லாம் ஒன்றாக முளைத்தால் ஓர் உழவில் முடித்துவிடலாம். முளைக்காது. கொஞ்சம் இந்த வருடம், கொஞ்சம் அடுத்த வருடம் என்று தவணை முறையில் எழும்பும். களைநாசினி அடித்தாலும் நமது நெல்லும் அதுவும் ஒரே சாதி, ஒன்றை விட்டு ஒன்றைக் கொல்லாது. கையால் பிடுங்க வேண்டும், அதுவும் பூக்கும்வரை அடையாளம் தெரியாது.

அதன் தோல் பெரும்பாலும் சிவப்பு. மேலே சொன்ன 2011 ஆய்வுக்கே மூலப்பொருள் தாய்லாந்தின் களைநெல் ஒன்றுதான். நமக்கு எதிரியான நெல்லிடமிருந்துதான் உறக்கத்தின் மரபணுவைப் படித்திருக்கிறார்கள்.

அறுவடை இயந்திரம் வயலுக்கு வயல் போகும்போது வயிற்றில் இதையும் கொண்டுபோகிறது. வாடகைக்குப் பிடிக்கும்போது முதலில் வரம்போரம் நிறுத்திச் சுத்தமாக்கச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், சொல்லுங்கள்.

2024 செப்டெம்பர் 22

காலபோகம் கிட்டுகிறது. விதைநெல் வெயிலில் காய்கிறது, வானத்தைப் பார்க்கிறோம்.

கிளிநொச்சியில் குளம் இருக்கிறது, முளைகட்டிச் சேற்றில் விதைக்கலாம். குடாநாட்டில் நமக்கு மழையை விட்டால் வேறு வழி இல்லை. வழுக்கியாறுகூட மழை வந்தால்தான் ஆறு. ஆகவே புழுதி விதைப்பு: காய்ந்த மண்ணில் விதைத்து, மேலால் ஒரு தரம் உழுது மூடிவிட்டுக் காத்திருப்பது. பெப்ரவரியில் வெட்டிய நெல்லுக்கு இப்போது உறக்கம் தெளிந்திருக்கும், அந்தப் பிரச்சினை நமக்கு இல்லை. நமக்கு இருப்பது வேறு இரண்டு.

ஒன்று, பொய் மழை. ஒரு தூறல் மணியை நனைத்து எழுப்பிவிட்டுப் போய்விடும். எழும்பிய முளையத்தைத் திரும்ப உறங்கவைக்க முடியாது. வேர் எட்டிப் பார்த்த பிறகு ஒரு கிழமை வெயில் எறித்தால் கதை முடிந்தது.

மற்றது, ஆழம். உழவு இயந்திரம் மூடும்போது சில மணிகள் ஒரு விரல்கட்டை, சில மணிகள் அதற்கும் கீழ். மணிக்கும் குருத்துக்கும் இடையில் ஒரு துண்டுத் தண்டு உண்டு. இருட்டில் அது நீண்டு குருத்தை மண்மட்டத்துக்குத் தள்ளிவிட வேண்டும். எவ்வளவு நீளும் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும், அதுவும் மரபணுக் கணக்கு. குட்டை இனங்கள் இங்கேயும் அதே ஜிபரலின் பற்றாக்குறைக்கு விலை கொடுக்கின்றன. ஆழத்தில் விழுந்தால் உள்ளுக்குள்ளேயே சுருண்டு மஞ்சளாகக் கிடக்கும். போன போகத்தில் முளைக்காத ஒரு தாக்கை மண்வெட்டியால் கிளறிப் பார்த்தேன். முளைத்திருந்தன. குருத்து மேலே வராமல் மண்கட்டிக்குக் கீழே பக்கவாட்டில் மடிந்து, முதல் இலை உறைக்குள்ளேயே பிரிந்து கசங்கிக் கிடந்தது. பையில் ஒட்டியிருந்த முளைப்பு வீதம் பொய் அல்ல. அது ஈரத் தாளின்மேல் எடுத்த கணக்கு, மண்கட்டிக்குக் கீழே எடுத்ததல்ல.

நாற்றின் வேகத்துக்கும் ஜிபரலின் குடும்பத்திலேயே தனி மரபணு உண்டு. குட்டை மரபணுவின் உடன்பிறப்பு அது, மூன்றாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. நாற்றுக்கால வீரியத்தில் இதன் பங்கை 2012 இல் காட்டினார்கள். குட்டைத்தன்மையைக் கெடுக்காமல் நாற்றை மட்டும் வேகமாக்க முடியுமா என்பதே இனவிருத்தியாளரின் ஆசை. புழுதி விதைக்கிற நமக்கு அதைவிடப் பெரிய ஆசை வேறு என்ன இருக்கிறது? மழை, சரி.

2024 ஒக்டோபர் 27

மட்டுவில் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டது: "நாற்றில் சில மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்து, வெளிறி, மெலிந்து நிற்கின்றன. நல்ல வீரியமுள்ள மரபணுவா? தனியாக எடுத்து வைக்கட்டுமா?"

அக்கா, பிடுங்கி எரியுங்கள், விதைக்கு வேண்டாம். அது பூஞ்சணம். யப்பானில் இதற்கு "முட்டாள் நாற்று" என்று பெயர். 1926 இல் தாய்வானில் வேலை செய்த குரோசாவா என்பவர், நோய்ப் பூஞ்சணம் வளர்ந்த திரவத்தை வடித்து, பூஞ்சணமே இல்லாமல் அந்த வடிநீரை மட்டும் நாற்றுக்கு விட்டார். நாற்று அப்படியே நெடுத்தது. உள்ளே இருந்த பொருளுக்கு 1935 இல் யபுதா என்பவர் ஜிபரலின் என்று பெயர் வைத்தார், பூஞ்சணத்தின் பெயரிலிருந்து. செடியும் அதையே சொந்தமாகத் தயாரிக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது.

வளர்ச்சி ஓமோனின் முழுக் கதையும் ஒரு கமக்காரரின் நோய்ப்பட்ட நாற்றுமேடையில் தொடங்கியது. இந்த இழை முழுக்க நான் ஜிபரலின், ஜிபரலின் என்று கத்துவதற்கும் அந்த நாற்றுத்தான் காரணம்.

2024 நவம்பர் 30

புயல் கடந்த மழை. தென்மராட்சியில் வரம்பு எது வயல் எது என்று தெரியவில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் விதைத்தவர்களின் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது. பிந்தி விதைத்தவர்களின் நெல் முளைத்தும் முளைக்காமலும் தண்ணீருக்கு அடியில். 2008 நிஷா புயலை நினைத்துக்கொள்கிறார்கள் எல்லோரும்.

மின்சாரம் வந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

2024 டிசம்பர் 4

"வெள்ளத்தைத் தாங்கும் மரபணு இருக்கிறதாமே, நமக்கு ஏன் தரவில்லை" என்று கேட்டு ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டார்கள். அது ஒரு மரபணு அல்ல. பயிர் மூழ்குவது வேறு, விதை மூழ்குவது வேறு.

பயிருக்கு: சப்1ஏ. ஒன்பதாம் நிறமூர்த்தம், 2006 இல் கண்டது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13 ஏ என்ற நெல்லிலிருந்து எடுத்தார்கள். சாதாரண நெல் மூழ்கியதும் மேலே வர அவசரப்பட்டு நீளும், கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிட்டுத் தண்ணீர் வடிந்ததும் விழும். சப்1ஏ உள்ள நெல் நீளாது. ஜிபரலினுக்குச் செவிசாய்க்காமல் அடங்கி இருக்கும், இரண்டு கிழமை வரை. தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்ததைக் கொண்டு துளிர்க்கும். மூழ்கலைத் தாங்கும் நெல் தேடி உலகின் விதை வங்கிகளில் உள்ள நெல்லைச் சலித்தபோது இலங்கையிலிருந்து போன மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன: குர்க்கறுப்பன், தவலு, கொட ஹீனட்டி. மேடைப் பேச்சு என்று மார்ச்சில் எழுதிய தம்பி இந்த வரியை இரண்டு முறை வாசிக்கவும்.

விதைக்கு: இது வேறு. இதை வீட்டில் பார்க்கலாம், பார்த்தால்தான் விளங்கும். இரண்டு கண்ணாடிக் கிளாஸ் எடுங்கள். ஒன்றில் ஈரத் துணி, அதன்மேல் நெல். மற்றதில் கொதித்து ஆறிய தண்ணீர் நிறைய விட்டு நெல்லை அடியில் போடுங்கள். கொதிக்க வைப்பது கரைந்திருக்கும் காற்றை விரட்ட. சில நாட்களில் ஈரத் துணியில் முதலில் வேர் எட்டிப் பார்க்கும், பிறகு குருத்து. தண்ணீருக்கு அடியில் தலைகீழ்: வேரே வராது. குருத்தை மூடிய உறை மட்டும் வெள்ளை நூல்போல மேல்நோக்கி நீளும், உள்ளே இலை இல்லை, பச்சை இல்லை. கோதுமையால் இது முடியாது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் முளைக்கத் தெரிந்த தானியம் நெல். அந்த வெள்ளைக் குழாய் காற்றைத் தொட்டால்தான் வேருக்கு அனுமதி.

ஆனால் எல்லா நெல்லும் தொடுவதில்லை. மியன்மாரின் காவோ லான் ஒன் என்ற உள்ளூர் நெல் நன்றாகத் தொடுகிறது. காரணமான மரபணுவை 2015 இல் வெளியிட்டார்கள், சுருக்கமாக ரி.பி.பி.7. இதுவும் ஒன்பதாம் நிறமூர்த்தத்தில்தான், ஆனால் சப்1ஏ வேறு, இது வேறு. செடிக்குள் "சீனி போதுமான அளவு இருக்கிறது" என்று அறிவிக்கும் ஒரு சிறு மூலக்கூறு உண்டு. ரி.பி.பி.7 அதைக் குறைக்கிறது. முளையம் தன்னைப் பட்டினி என்று எண்ணி மாவைத் தொடர்ந்து கரைக்கிறது, உறை தொடர்ந்து நீளுகிறது. ஆசியா முழுக்கப் பயிரான ஐ.ஆர். 64 இல் இந்த மரபணு பழுதாகக்கூட இல்லை, இடமே காலி.

சப்1ஏ நீளாதே என்கிறது. ரி.பி.பி.7 நீளு என்கிறது. ஒரே வெள்ளம், இரண்டு வயது, இரண்டு எதிரெதிரான புத்தி. இரண்டையும் ஓர் இனத்தில் சேர்க்கலாம், வேலை நேரம் வேறு என்பதால் மோதிக்கொள்ளாது. அப்படிச் சேர்த்துப் பார்க்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. இனவிருத்தி நிலையம் "வெள்ளத்தைத் தாங்கும்" என்று ஓர் இனம் தந்தால் கேட்க வேண்டிய கேள்வி: எந்த வயதில்?

2024 டிசம்பர் 6

ரி.பி.பி.7 உள்ள நெல் வேகமாக முளைப்பதால் தப்புகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் அப்படிப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார். காற்றுள்ள இடத்தில் மெதுவாகவே முளைக்கும் நெல் தண்ணீருக்கு அடியில் நன்றாக நீளக்கூடும். நேர்மாறாகவும் உண்டு. மூழ்கி முளைப்பது தனித் திறமை.

2024 டிசம்பர் 21

உப்பாற்று வெளிப் பக்கம் வயல் உள்ளவர், எனக்கு மூத்தவர், எழுதியது: "எங்கள் பக்கம் எல்லாம் முளைக்கும் பிள்ளை. முளைத்துப் பச்சை பிடித்த பிறகுதான் நுனி வெளுத்துக் கருகிப் போகும். இதற்கும் உறக்கமா, ஓமோனா?"

இல்லை ஐயா, உவர். நீங்கள் பார்த்தது துல்லியமானது. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட நாற்றுத்தான் தாங்காது. பிறகு வளர வளரத் தாங்கும், பூக்கும்போது மறுபடி பலவீனம். ஆகவே உவர் மண்ணில் முளைப்புச் சோதனை செய்து "நல்ல விதை" என்று சான்று கொடுப்பதில் பயன் இல்லை.

நாற்றுக்காலத்துக்கு முதலாம் நிறமூர்த்தத்தில் ஒரு பகுதி பேர்போனது, கேரளத்துப் பொக்காளி நெல்லில் இருந்து வந்தது. அந்தப் பகுதியில் உள்ள ஒரு மரபணுவின் வேலையை 2005 இல் நோனா பொக்ரா என்ற இன்னொரு உவர்நெல்லில் கண்டார்கள்: வேரிலிருந்து மேலே போகும் சாற்றில் ஏறிவிட்ட சோடியத்தை வழியிலேயே திரும்ப இழுத்துக்கொள்வது. இலைக்கு உப்பு போய்ச் சேராது. நமது நாட்டு ஏ.ரி. 354 இன் பரம்பரையில் பொக்காளி இருக்கிறது. உங்கள் வெளிக்கு நான் அதைத்தான் முதலில் விதைத்துப் பார்ப்பேன். விதைத்தாலும் முதல் மழை உப்பைக் கீழே கழுவும்வரை பொறுக்க வேண்டும். மழை விட்டு வெயில் எறித்தால் உப்பு மண்ணின் மேற்பரப்புக்கே ஏறி வெள்ளையாகப் பூக்கும். மரபணுவாலும் அந்த வெயிலைச் சமாளிக்க முடியாது. உப்புநீரை மறிக்கும் தடுப்பணைக் கதவுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த இழை வேறு எங்கோ போய்விடும், நிறுத்துகிறேன்.

2025 ஜனவரி 22

வெட்டுக்கு நின்ற நெல் சாய்ந்துவிட்டது, மேலே மழை. ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தேன். மண்ணைத் தொட்டுக்கிடந்த பக்கத்தில் மணிகள் காம்பிலிருந்தபடியே வெடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை முனை. சிலவற்றில் குருத்துப் பச்சையாகிவிட்டது. விதைக்கும் ஆகாது, அரிசிக்கும் ஆகாது. அரைத்தால் நொறுங்கும்.

பக்கத்துத் தாக்கில் நின்ற சிவப்பும் சாய்ந்திருந்தது. அதில் அப்படி இல்லை. தேடித்தான் ஒன்றிரண்டு கண்டேன்.

மார்ச்சில் கிளிநொச்சித் தம்பி திட்டிய அதே குணம் இப்போது ஒரு வயலைக் காப்பாற்றியிருக்கிறது. கதிர்முளைப்பைப் பற்றிப் பேசினால் எஸ்.டி.ஆர்.4 என்ற மரபணுவையும் சொல்ல வேண்டும். அதுவும் ஏழாம் நிறமூர்த்தம், 2010 இல் கண்டது. காசலத் என்ற நெல்லில் உள்ள வடிவம் உறக்கத்தைக் கூட்டும். யப்பானிய இனமான நிப்பொன்பாரேயில் உள்ள வடிவம் குறைக்கும். தோலின் நிறத்தோடு இதற்குத் தொடர்பு இல்லை. அதாவது வெள்ளை அரிசியாகவே வைத்துக்கொண்டு கதிர்முளைப்பைத் தடுக்க வேண்டுமென்றால் ஆர்.சி.யை விட்டுவிட்டு இப்படியான மரபணுக்களைத்தான் தேட வேண்டும்.

எவ்வளவு உறக்கம் வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் நியாயம் வேறு. ஒரு போகம் மட்டும் செய்யும் எனக்கு நான்கு மாத உறக்கமும் நட்டம் இல்லை, விதைப்பு வரை ஏழு மாதம் இருக்கிறது. வெட்டிய கையோடு விதைக்கும் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக் கமக்காரருக்கு இரண்டு மாதமே அதிகம். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே அளவைத் தேர்ந்து இருவருக்கும் அனுப்பினால் ஒருவர் எப்படியும் ஏசத்தான் செய்வார்.

2025 பெப்ரவரி 17

கிளிநொச்சித் தம்பி மறுபடி வந்திருக்கிறார். இந்த முறை சிவப்பு நெல்லைச் சிறுபோகத்துக்கு எப்படி விரைவாக எழுப்புவது என்று கேட்கிறார். பார்த்தீர்களா.

நன்றாகக் காய விடும், ஈரம் 13 சதவீதம் வரை இறங்கட்டும். குளிர்ந்த அறையில் வைக்காதீர், குளிரில் உறக்கம் நீளும். காய்ந்த சூட்டில் தெளியும். சோதனைச் சாலைகளில் 50 பாகையில் சில நாட்கள் வைத்து எழுப்புகிறார்கள். அது முதலில் நன்றாகக் காய்ந்த நெல்லுக்கு மட்டும், ஈரநெல்லை அந்தச் சூட்டில் வைத்தால் உயிரே போய்விடும். உம்மிடம் அந்த அடுப்பு இல்லை, தகரக் கூரைக் கொட்டில் இருக்கிறது. சாக்குகளை அங்கே வைத்து, கிழமைக்கு ஒரு முறை ஒரு பிடி எடுத்து ஈரத் துணியில் பாரும். துணி சொல்லும்போது விதையும். வாங்கும்போது சாக்கில் முளைப்பு வீதத்தை மட்டும் பார்க்காமல் வெட்டிய திகதியையும் கேட்டு எழுதி வையும்.

பன்றி நெல்லைச் சமைக்கலாமா என்ற மட்டுவில் அக்காவின் கேள்விக்கும் பதில்: ஆம், பிடுங்கிய பன்றி நெல் முற்றியிருந்தால் குத்திச் சோறாக்கலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. உதிர்வதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.